எடுக்கலாமா என்று கேட்பதற்குள்

இன்று மதியம் கணினியில் மணி அடித்தபோது என் வலது கை களியில் இருந்தது. ராகிக் களிதான். மூக்கைச் சுளித்துக்கொண்டே தினமும் ஓர் உருண்டை கேட்டு வாங்கித் தின்பாயே, அதே களி. களியில் கை வைத்துவிட்டால் வேறொரு வேலையும் ஓடாது. கதவைத் திறக்க முடியாது, போனைத் தொட முடியாது, மூக்கு அரித்தால்கூடப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. மணி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எவர்சில்வர் டம்ளரில் பேனாவால் தட்டியதைப் போல ஒரு சத்தம். அதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டும். ஆனால் அதை மட்டும் சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். ஆகவே நீ போன பிறகு இந்த அறையில் ஒரு மணியை அடிக்க வைக்க நான் பட்ட பாட்டை முதலில் கேள்.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வதற்கு மன்னித்துக்கொள். சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. அக்ரஹாராவில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே நம்முடைய அறை. உன் மேசை ஜன்னல் பக்கம், என் மேசை சுவர் பக்கம். கன்னடம் உன் பாடு, தமிழ் என் பாடு. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளிலிருந்து மிக்ஸியைக் கழுவும் முறை வரைக்கும், வெளிநாட்டுக் கம்பெனி அனுப்புகிற எதையும் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். அந்தக் கம்பெனியின் வழக்கமே வினோதமானது. ஒரு வேலை வந்தால் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெயில் போகும். யார் முதலில் "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துகிறார்களோ அவர்களுக்கு வேலை. பந்திக்கு முந்து என்ற பழமொழியை வைத்தே பிழைப்பு நடத்துகிறார்கள் என்று நீ சொல்வாய். அவர்கள் ஊரில் விடிந்து ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ஆகவே சாப்பிடும்போதுகூட நீ திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். வலது கையால் சாப்பாடு, இடது கையில் மவுஸ். அதற்காகவே மவுஸை மேசையின் இடது பக்கம் மாற்றிப் பழகியிருந்தாய்.

மெயில் வந்ததும் பேனாவால் டம்ளரில் ஒரு தட்டு. பிறகு என் பக்கம் திரும்பி, "வந்திருக்கு. எடுக்கலாமா?" நான் "எடு" என்றால்தான் பொத்தானை அழுத்துவாய்.

இத்தனை வருடங்களில் நான் வேண்டாம் என்று சொன்னது எத்தனை தடவை இருக்கும்? காய்ச்சலில் கிடந்தபோது, மாரியம்மன் திருவிழாவுக்கு என் ஊர் கௌதள்ளிக்குக் கிளம்பிய அன்று, அவ்வளவுதான். ஆனாலும் நீ கேட்பதை விடவில்லை. நீ கேட்டு நான் பதில் சொல்வதற்குள் வேறு யாரோ அழுத்தி, நம் கைக்கு வந்த வேலை எத்தனையோ போயிருக்கிறது. ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதலில் அழுத்து, பிறகு கேள் என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "உன் சாயங்காலத்தையும் சேத்து நான் எப்படி எடுக்கறது?" என்றாய். சற்றுப் பொறுத்து, வேலை போகும்போதெல்லாம் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னாய். "ஆய்த்து பிடு, இன்னொண்ணு வரும்." ஆயிற்று, விடு என்பதை மட்டும் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வாய்.

நீ சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருவர் எடுத்த வேலை என்றாலும் அது இருவர் வேலைதான். நான் தமிழில் எழுதியதைச் சத்தமாகப் படிப்பேன். நீ ஆங்கில மூலத்தில் விரல் வைத்து வரி வரியாகத் தொடர்ந்து வருவாய். கன்னடத்தை ஓட்டமாகப் படிக்கிற நீ, தமிழ் எழுத்தை அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான் படிப்பாய். உன் அப்பா சேலத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், உன் பள்ளிக்கூடமோ முழுக்கக் கன்னடம். கண்ணுக்கு வராத தமிழ் உன் காதுக்கு மட்டும் எப்படித்தான் அவ்வளவு துல்லியமாக வந்ததோ. "இரு, அந்த வார்த்தை வாயில நிக்கல" என்பாய். திரும்பப் பார்த்தால் அங்கே நான் அகராதியிலிருந்து எடுத்துப் போட்ட ஏதோ ஒரு பெரிய சொல் முழித்துக்கொண்டிருக்கும். மாத்திரை சாப்பிடுகிற கிழவிக்கு அது எதற்கு என்று சொல்லி எடுத்துவிடுவோம்.

இரண்டு கணினியிலும் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டது நீதான். பழைய பெட்டி இதைத்தான் தாங்கும், வைரஸ் வராது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஏதேதோ சொன்னாய். எனக்கு எழுத்து விழுந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் உன் திரையின் மூலையில் கடித உறை போல ஒரு சின்னப் படம் இருந்தது. மெயில் வந்தால் நிறம் மாறும். ஏதோ ஒரு அப்டேட் போட்ட அன்று அது காணாமல் போனது. வேறொன்று தேடிப் போட்டுக்கொள்ளேன் என்றதற்கு நீ, "நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு மணி?" என்றாய். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் நீதான் மணி. வலது கையில் ஊசி குத்தி பாட்டில் ஏறிக்கொண்டிருக்க, இடது கையால் போனில் மெயிலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். நர்சுகள் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்தால் அண்ணாவைக் கெஞ்சி வாங்கிவிடுவாயாம். உன் வீட்டுக்காரரை நான் அண்ணா என்றுதானே கூப்பிடுவேன், அவரே பிறகு சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் போன் வரும். "வந்திருக்கு. எடுக்கலாமா?" உடம்பு எப்படி இருக்குது என்று நான் கேட்டால், அதை அப்புறம் பேசலாம், முதலில் இதற்குப் பதில் சொல் என்பாய். நான் எடு என்பேன். அங்கிருந்தே அழுத்துவாய். மாலையில் நான் உன் கட்டிலருகில் உட்கார்ந்து, செய்ததைத் தாழ்ந்த குரலில் படிப்பேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, சர்க்கரை மாத்திரை பற்றிய தாளை முழுதாகக் கேட்டுவிட்டு, தனக்கும் அதே மாத்திரைதான் என்று சந்தேகம் கேட்டாள். நீ சிரித்தாய், சிரித்தால் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

கடைசியாக நீ போன் செய்த மதியத்தை மறக்க முடியவில்லை. குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. அதே வார்த்தைகள்தான். "வந்திருக்கு. எடுக்கலாமா?" நான் அப்போது மெயில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை. ஒருமுறை புதுப்பித்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. நான், "எடு" என்றேன். நீ, "ஆய்த்து" என்றாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அறையைத் திறந்தபோது, அண்ணாவும் வந்தார். உன் பொருட்களை எடுத்துப் போகத்தான் வந்தார். சால்வையையும் டம்ளரையும் பையில் வைத்தார். கணினியைக் காட்டி, "இத நீங்களே வெச்சுக்குங்க. வீட்ல யாரு பாக்கறது" என்றார். என்னுடையது ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தது. ஆகவே நான் உன் மேசைக்கு மாறினேன். மவுஸை மட்டும் வலது பக்கம் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்று தீர்மானம் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். இடது கையில் அம்புக்குறி குடித்தவனைப் போலத் தள்ளாடியது. என் பழைய நாற்காலி சுவரோரம் காலியாகக் கிடந்தது.

அதிலிருந்து மெயில்கள் என் கண்ணெதிரிலேயே தப்பின. எழுதும்போது எனக்கு வேறு உலகம் தெரியாது என்று நீயே திட்டுவாய். ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டி நிமிர்ந்து பார்த்தால், அரை மணிக்கு முன் வந்த வேலை அதற்கு மறுநிமிடமே யாருக்கோ போயிருக்கும். போனில் சத்தம் வைத்துப் பார்த்தேன். போன் மேசையில் கிடந்தால் தூங்கிவிடுகிறது. கையில் எடுத்ததும் காலையிலிருந்து வந்த எல்லா மெயிலுக்கும் சேர்த்து அடிக்கிறது. உலையில் அரிசி போட்டு மறந்தவள் கருகிய வாசனை வந்ததும் ஓடுவதைப் போல நானும் ஓடுவேன். கன்னட வேலைகளை நிறுத்திக்கொள்கிறேன் என்று கம்பெனிக்கு எழுதியபோது உன் விஷயத்தையும் எழுதினேன். அங்கே வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிற பெண் மரியாதையாக இரண்டு வரி வருத்தம் தெரிவித்தாள். மறுநாள் வந்த மெயிலில் வழக்கம்போல உன் பெயரும் என் பெயரும் சேர்த்துத்தான் வணக்கம் இருந்தது. அதை எழுதுவது இயந்திரம். அதனிடம் யார் போய்ச் சொல்வது?

பிறகுதான் மணி தேட ஆரம்பித்தேன். அலுப்பான கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மெயில் படிக்கிற மென்பொருளையே நம்பினேன். மெயில் வந்தால் அது திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டும். மூச்சு விடுவதற்குள் மறைந்துவிடும். நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தால் போயிற்று. அடுத்து, உன் பழைய உறையைப் போல ஒன்றைத் தேடிப் போட்டேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இப்போதைய திரையில் அது வந்து உட்கார இடமே இல்லையாம். வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிற கடன்காரன் மாதிரி அது உள்ளேயே ஒளிந்திருந்தது. மூன்றாவது ஒன்று தினமும் காலையில் கடவுச்சொல் கேட்கும். ஒருநாள் கொடுக்க மறந்தால் கோபித்துக்கொண்டு சும்மா இருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்தது எல்லாவற்றிலும் மோசம். கரண்ட் போய் வந்தால் இணைப்பு அறுந்துவிடும், ஆனால் அறுந்தது அதற்குத் தெரியாது. மெயில் ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அதை நம்பி நானும் நிம்மதியாக இருந்தேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

ஒவ்வொன்றையும் போட்டதும் சோதித்துப் பார்ப்பேன். போனிலிருந்து எனக்கே ஒரு மெயில் அனுப்பிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன். அந்த உறையைத் தவிர எல்லாமே வேலை செய்தன. காத்திருக்கும்போது எல்லா மணியும் அடிக்கத்தான் செய்கிறது. என் மெயில் பெட்டி முழுக்க "வந்ததா" என்று நானே எனக்கு எழுதிய கடிதங்கள். லினக்ஸ்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கிற இடங்களில் போய்ப் பழைய பக்கங்களையெல்லாம் படித்தேன். என்னைப் போலவே ஒருவர், நம்பகமான ஒரு மணி வேண்டும் என்று கேட்டிருந்தார். மெயிலை எதற்கு உடனே பார்க்க வேண்டும், நிம்மதியாக இருங்களேன் என்று இன்னொருவர் அவருக்கு உபதேசம் செய்திருந்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஆளுக்குக் கன்னடத்தில் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

இதற்கிடையில் கம்பெனிப் பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. கொஞ்ச காலமாக நீங்கள் எந்த வேலையையும் ஏற்கவில்லை, பட்டியலில் இருக்க விருப்பம் இல்லையா, இல்லையென்றால் இந்த மாதக் கடைசியில் பெயரை நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தாள். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு இருக்கிற வருமானம் அது ஒன்றுதான். பட்டியலிலிருந்து போனால் இந்த அறையைக் காலி செய்ய வேண்டும். காலி செய்துவிட்டு எங்கே போவேன்? கௌதள்ளியில் தம்பி வீட்டில் போய் உட்காரலாம். அக்கா வந்துட்டாங்க என்று நன்றாகத்தான் பார்த்துக்கொள்வான், அதில் குறையில்லை. ஆனால் மதியமானால் நான் எந்தத் திசையைப் பார்த்து உட்காருவேன் என்று யோசித்தேன். அன்று பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்து வரும்போது எங்கள் ஊர்ப் பக்கம் போகிற கொள்ளேகால் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறிவிடலாம் போல அவ்வளவு அலுப்பாக இருந்தது. ஏறவில்லை.

கடைசியில் கிடைத்தது ஒரு மென்பொருளே இல்லை. யாரோ ஒருவர் பல வருடங்களுக்கு முன்பு கணினிக்கு எழுதி வைத்துவிட்டுப் போன சில கட்டளை வரிகள். திரையில் கட்டம் இல்லை, உறை இல்லை, படம் இல்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக வாசலைத் தட்டி, ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கும். வந்திருந்தால் மணி அடிக்கும். கேட்க முடியாமல் போனாலும், கேட்க முடியவில்லை என்று வேறொரு சத்தம் போடும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்று சொல்கிறதே, மற்றவை எதுவும் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தட்டினேன். மூன்று இடத்தில் தப்பு, திருத்தினேன். சத்தத்துக்கு எதை வைப்பது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வீட்டிலிருந்து என் டம்ளரைக் கொண்டுவந்து பேனாவால் தட்டிப் போனில் பதிவு செய்தேன். உன் டம்ளரின் நாதம் அதற்கு இல்லை. பரவாயில்லை.

போன வாரம் அது முதல்முறையாகச் சரியான நேரத்தில் அடித்தது. நான் காத்துக்கொண்டிருக்கவில்லை, சும்மா இருக்க முடியாமல் நம் பழைய தாள் ஒன்றை எடுத்துத் திருத்தி, ஒரு வாக்கியத்துக்குள் தலையை விட்டிருந்தேன். டம்ளர் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தேன். கம்பெனி மெயில், தமிழ் வேலை, வந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நீ திரும்புகிற மாதிரியே திரும்பி, சுவரோரம் காலியாகக் கிடக்கிற என் நாற்காலியைப் பார்த்து, "வந்திருக்கு. எடுக்கலாமா?" என்று கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"எடு" என்று சொல்ல வேண்டியவள் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். அவள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேனோ, திரும்பிப் பொத்தானை அழுத்தியபோது வேலை வேறொருவருக்குப் போய்விட்டது என்று திரையில் இருந்தது. மணியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அத்தனை நாளும் ஒவ்வொரு மென்பொருளாகத் திட்டிக்கொண்டிருந்தேனே, அன்றைக்குத் திட்ட யாரும் இல்லை. உனக்காக நான் ஒழுங்காக அழுதது அன்றுதான். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் முன்னிலும் அடக்கி வைத்தது எல்லாம் வந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சத்தம் கேட்டு மேலே வந்து, "ஏனாய்த்தம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒரு வேலை போச்சு என்றேன். இன்னொரு வேலை கிடைக்கும், அழாதீங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நீ சொல்வதையே சொன்னார்.

அதற்குப் பிறகு மணி சில தடவை அடித்தது. எல்லாம் கன்னட வேலை. இயந்திரத்துக்கு இன்னும் உன்னை மறக்கத் தெரியவில்லை. மாதம் முடியப் போகிறது. காலையில் அறைக்கு வரும்போதே, அறையின் சொந்தக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிடலாம், இதோடு போதும் என்ற நினைப்போடுதான் வந்தேன். மதியம் டப்பாவைத் திறந்து களியைப் பிட்டேன். அப்போதுதான் மணி அடித்தது.

வலது கை முழுக்கக் களி. கழுவப் போனால் வேலை போய்விடும். நான் யோசிக்கவே இல்லை. இடது கை தானாக எழுந்து மவுஸுக்குப் போனது. மேசையில் அது எங்கே இருக்கிறது என்று தேடவில்லை, அம்புக்குறி தள்ளாடவும் இல்லை. நேராகப் போய்ப் பொத்தானில் நின்றது. அழுத்திவிட்டேன். "உங்களுக்கு ஒதுக்கப்பட்டது" என்று வந்தது. மேலே உன் பெயரும் என் பெயரும் வழக்கம்போல. இந்த இடது கை எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. மாற்றிக்கொள்ளலாம் மாற்றிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தியதில் அது பழகிவிட்டிருக்கிறது.

அதன் பிறகுதான் திரும்பி என் நாற்காலியைப் பார்த்து, "எடுக்கலாமா?" என்று கேட்டேன். அழுத்திய பிறகு கேட்பது உனக்குப் பிடிக்காதுதான். ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சற்றுப் பொறுத்து, "எடு" என்றும் நானே சொல்லிக்கொண்டேன். களி ஆறி இறுகிப் போயிருந்தது, இருந்தாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

குழந்தைகளுக்குக் கொடுக்கிற இருமல் மருந்துக்கான தாள், நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பாதி எழுதிவிட்டேன். ஜன்னலைச் சாத்திவிட்டு இப்போது சத்தமாகப் படிக்கப் போகிறேன். வாயில் நிற்காத வார்த்தை ஏதாவது இருந்தால் சொல்.